1968 டாட்ஜ் சார்ஜர், 318 என்ஜின்: அப்படியே மீட்பதா, புது ஹெமி போடுவதா?

வாரன்_வாசி (வாரன், மிச்சிகன்)

எல்லோருக்கும் வணக்கம். நெடுநாள் ஆசை நிறைவேறி, 1968 டாட்ஜ் சார்ஜர் ஒன்று வாங்கிவிட்டேன். 318 கன அங்குல வி8, இரண்டு பேரல் கார்புரேட்டர், டார்க்ஃப்ளைட் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். கரும்பச்சை நிறம், மேலே கறுப்பு வினைல் கூரை. வண்டி எண் எக்ஸ்பி29 என்று தொடங்குகிறது. என்ஜின் உடனே ஸ்டார்ட் ஆகிறது, சத்தமும் சீராக இருக்கிறது. பிரேக் பெடல்தான் பாதிக்கு மேல் அமுங்கிய பிறகே பிடிக்கிறது. பின்சக்கரங்களுக்கு மேலே காந்தம் வைத்தால் ஒட்டவில்லை. பழைய உரிமையாளர் பட்டி கனமாகவே பூசியிருக்கிறார்.

318ஐ இறக்கிவிட்டு, அடிபட்ட ராம் டிரக் ஒன்றிலிருந்து கிரைஸ்லரின் 5.7 லிட்டர் ஹெமி வி8 வாங்கிப் போடலாம் என்று நினைக்கிறேன். இதற்கு 230 குதிரைத்திறன், 5.7க்கு 345. வால்பக்கம், சார்ஜரின் வேக ரகமான ஆர்/டி மாதிரி இரட்டைப் பட்டையும் அடிக்க ஆசை. எங்கே தொடங்கலாம்?

எட்டுசிலிண்டர் (ஹூஸ்டன்)

வாழ்த்துகள்! யோசிக்கவே வேண்டாம், ஹெமி போடுங்கள். அந்த 230க்கும் 345க்கும் உள்ள இடைவெளி காகிதத்தில் தெரிவதைவிடப் பெரியது. 1971 வரை அமெரிக்கக் கம்பெனிகள் போட்டது கிராஸ் கணக்கு: சைலன்சர், ஃபேன், ஏர் ஃபில்டர் எதுவும் இல்லாமல் மேடையில் வைத்து ஓட்டி எடுத்த எண். 1972 முதல்தான் எல்லாம் மாட்டிய நிலையில் அளக்கும் நெட் கணக்கு வந்தது. உங்கள் 318 இன்றைய கணக்கில் 230 பக்கமே வராது. ஹெமி குளிர்காலத்தில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும், மைலேஜும் கூடும்.

பழைய_இரும்பு (டொலீடோ, ஒஹாயோ)

தம்பி, என்ஜினை அப்புறம் பேசுவோம். முதலில் வண்டியைத் தூக்கி அடியில் படுத்துப் பாருங்கள்.

செவெல், ஜிடிஓ போலத் தனிச் சட்டத்தின் மேல் பாடியை உட்கார வைத்த வண்டி இல்லை இது. சார்ஜருக்குத் தகரமேதான் சட்டம். தரை, ராக்கர் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரம்), பின்பக்க ரயில் (நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டம்) எல்லாம் சேர்ந்துதான் வண்டியை நேராக நிறுத்துகின்றன. முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கும் கிடையாது. நீளவாக்கில் இரண்டு டார்ஷன் பார்கள், அதாவது முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பிகள், ஓடும். அவற்றின் பின்முனை, முன்சீட்டுக்கு அடியில் போகும் குறுக்குச் சட்டத்தில் செருகியிருக்கும். முன்பக்கப் பாரம் முழுவதும் முறுக்கு விசையாக வந்து இறங்கும் இடம் அது. அந்தக் குறுக்குச் சட்டம் துருப்பிடித்துப்போயிருந்தால் 5.7 இல்லை, 318கூட அந்த வண்டியில் ஓடக்கூடாது.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மூன்று இடத்தில் அழுத்திக் குத்திப் பாருங்கள்: டார்ஷன் பார் குறுக்குச் சட்டம், பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டும் இடம், டிக்கித் தரை ரயிலோடு சேரும் விளிம்பு. "டங்" என்று சத்தம் வந்தால் நல்லது. முனை உள்ளே போனால் உங்கள் பட்ஜெட் அங்கேதான் போகப்போகிறது.

பட்டி இருக்கும் இடத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். அது வெளித்தோல். பார்த்தால் தெரிகிற துருவை எப்படியும் மாற்றிவிடுவீர்கள். தெரியாத துருதான் ஆபத்து.

ஸ்காபரோ_கராஜ் (டொராண்டோ)

வணக்கம் தம்பி. அண்ணை சொன்னதோடு இன்னும் இரண்டு இடம் பாருங்கோ.

ஒன்று, பின்கண்ணாடி. 68 முதல் 70 வரை வந்த சார்ஜரில் கண்ணாடி உள்ளே அமுங்கி இருக்கும், இரண்டு பக்கமும் கூரைத் தூண் நீண்டு வரும். பார்க்க அவ்வளவு வடிவு. ஆனால் மழைத் தண்ணியும் பனியும் அந்தப் பள்ளத்தில்தான் தேங்கும். கண்ணாடிக்கும் டிக்கி மூடிக்கும் நடுவில் உள்ள ஒடுக்கமான தகரம் முதலில் போகும், பிறகு தண்ணி டிக்கிக்குள் இறங்கித் தரையைத் தின்னும். உங்களுடையதில் வினைல் கூரை வேறு. அது ஈரத் துணியைத் தகரத்தின் மேல் வருடக்கணக்காக விரித்து வைத்த மாதிரி. பின்கண்ணாடிக்குப் பக்கத்தில் வினைல் கொப்புளித்து இருக்கா என்றும் பாருங்கோ.

இரண்டாவது, முன்கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுத் துளைகள், கவுல் என்று சொல்வது. ஒரு வாளித் தண்ணியை மெல்ல ஊற்றிவிட்டு, உள்ளே கால் வைக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கோ. ஈரம் வந்தால் கவுல் உள்ளே ஓட்டை. அதை மூடி மறைத்து இரண்டு அடுக்காய் ஒட்டியிருப்பதால் திறந்து திருத்தக் கனக்க வேலை. இங்கே எங்கட ஊரிலயும் உங்கட ஊரிலயும் தெருவுக்கு உப்புப் போடுகிறார்கள், அதை மறக்காதேங்கோ.

வாரன்_வாசி

இருவருக்கும் நன்றி. டார்ஷன் பார் குறுக்குச் சட்டம் கெட்டியாக இருக்கிறது, ஸ்க்ரூடிரைவர் இறங்கவில்லை. கவுல் ஈரம் விடவில்லை. ஆனால் வினைலின் பின்விளிம்பை உரித்துப் பார்த்தேன். பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள தகரம் விரலால் அழுத்தினாலே உதிர்கிறது. டிக்கித் தரையில் ஸ்பேர் டயர் உட்காரும் பள்ளம் சல்லடை. பின்சக்கரங்களைச் சுற்றியுள்ள பக்கத் தகரம், அதாவது இரண்டு குவாட்டர் பேனலும், கீழ்ப்பாதி மாற்ற வேண்டும்.

பின்சீட்டைத் தூக்கியபோது ஸ்பிரிங்குக்குள் மடங்கிய பழுப்புத் தாள் ஒன்று கிடைத்தது. கட்டம் கட்டமாக எண்கள். பாதி படிக்க முடிகிறது.

நம்பர்_மேட்ச் (ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா)

அந்தத் தாளைத் தொடாதீர்கள்! அது தொழிற்சாலையின் பில்ட் ஷீட். அசெம்பிளி லைனில் இந்த வண்டிக்கு எந்த என்ஜின், எந்த ஆக்சில், எந்த நிறம், எந்த சீட் என்று தொழிலாளர்கள் பார்த்து மாட்டிய தாள். வேலை முடிந்ததும் சீட் ஸ்பிரிங்குக்குள் செருகிவிட்டுப் போய்விடுவார்கள். பல வண்டிகளில் எலி கடித்துப் போயிருக்கும். மடிப்பை வலுக்கட்டாயமாகப் பிரிக்க வேண்டாம். முடிந்த அளவு போட்டோ எடுத்துவிட்டு, அமிலம் இல்லாத உறையில் தட்டையாக வையுங்கள்.

உங்கள் எண்ணில் ஐந்தாம் எழுத்து எஃப் என்றால் அது பிறப்பிலேயே 318. ஏழாம் எழுத்து பி என்றால் ஹாம்ட்ராமக் ஆலை, டாட்ஜ் மெயின் என்று சொல்வார்களே அதுதான். ஆலையை 1981ல் இடித்துவிட்டார்கள். நீங்கள் இருக்கும் வாரனிலிருந்து சில மைல்தான்! பிறந்த ஊரிலேயே இருக்கிற வண்டி.

எக்ஸ்பி என்றால் சாதாரண சார்ஜர், எக்ஸ்எஸ் என்றால் ஆர்/டி. 68ல் ஆர்/டி வாங்கியவருக்கு 440 மேக்னம் அல்லது 426 ஹெமி மட்டும்தான், 318 கிடையாது. பட்டை அடிப்பது உங்கள் விருப்பம். ஆனால் ஆர்/டி எழுத்தை ஒட்டினால் நாளை உங்களிடமிருந்து மூன்றாவதாக வாங்குபவன் ஏமாறுவான். இந்தச் சந்தையைக் கெடுத்ததே அந்த வேலைதான். எனக்கு இதில் விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

எட்டுசிலிண்டர்

வண்டி எண்ணைத் திருத்தினால்தான் மோசடி, அது குற்றமும்கூட. ஒட்டுவதும் பட்டை அடிப்பதும் அலங்காரம். விற்கும்போது "இது எக்ஸ்பி29" என்று சொல்லிவிட்டால் யார் ஏமாறுவார்?

நம்பர்_மேட்ச்

நீங்கள் சொல்வீர்கள். உங்களிடம் வாங்கியவர் சொல்வாரா? பட்டை மட்டும் போதுமே, அதுவே அழகுதானே.

தீப்பொறி (விண்ட்சர், ஒன்டாரியோ)

டிங்கரிங் வேலைக்கு வருவோம். குவாட்டர், டிக்கித் தரை, கண்ணாடிக்குக் கீழுள்ள தகரம் மூன்றும் இந்த வண்டிக்குப் புதிதாகவே அச்சடித்துக் கிடைக்கின்றன. வெட்டுகிற வரிசைதான் முக்கியம்.

எதையும் வெட்டும் முன் கதவுகளை மூடி, இடைவெளியை மேலே, நடுவே, கீழே என்று அளந்து கதவு மேலேயே எழுதி வையுங்கள். கதவு வாசலில் குறுக்கே சதுரக் குழாயை வெல்டிங் வைத்துப் பூட்டிவிடுங்கள். வண்டியின் பாரம் சக்கரங்கள் மேலோ, சக்கரங்களுக்குப் பக்கத்தில் வைத்த ஸ்டாண்டுகள் மேலோ இருக்கட்டும். நடுவில் ஜாக்கி வைத்துவிட்டு ராக்கரை வெட்டினால் வண்டி வளைந்து நிற்கும். அந்த நிலையில் வெல்டிங் முடித்தால் கதவு வாழ்நாள் முழுக்கச் சரியாக மூடாது. ஒரு பக்கம் முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம்.

குவாட்டரை முழுசாகக் கூரை வரை கழற்ற வேண்டாம். கீழ்ப்பாதிதான் கெட்டது என்றால் உடலின் மடிப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வெட்டி, முனைக்கு முனை சேர்த்து வெல்டிங் வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி வைத்தால் நடுவே ஈரம் தங்கி, அதே இடத்தில் மறுபடி துரு. மிக் வெல்டிங்கில் 0.023 அங்குலக் கம்பி போதும். ஒரு புள்ளி வைத்தால் அடுத்த புள்ளியை ஒரு ஜாண் தள்ளி வையுங்கள், கையால் தொடும் அளவுக்கு ஆறிய பிறகு நடுவில் நிரப்புங்கள். தொடர்ச்சியாக இழுத்தால் அந்தப் பெரிய பேனல் அலை அலையாகிவிடும், அப்புறம் எவ்வளவு பட்டி பார்த்தாலும் வெயிலில் காட்டிக்கொடுக்கும்.

கூரையும் குவாட்டரும் சேரும் இடத்தில் தொழிற்சாலையில் ஈயம் பூசியிருப்பார்கள். அங்கே கிரைண்டர் வைக்காதீர்கள். ஈயத் தூளை மூச்சில் இழுப்பது விளையாட்டில்லை, வீட்டில் குழந்தைகள் இருந்தால் சட்டையோடு உள்ளே வந்துவிடும். உருக்கி வழித்தெடுங்கள், சுவாசக் கவசம் கட்டாயம். வினைல் கூரை வந்த வண்டிகளில் அந்த இணைப்பை அவ்வளவு நேர்த்தியாக முடித்திருக்க மாட்டார்கள். வினைல் வேண்டாம் என்று முடிவு செய்தால் அந்த இடத்துக்குத் தனியாக வேலை இருக்கிறது.

பெட்ரோல் டேங்கை இறக்காமல் டிக்கிப் பக்கம் தீப்பொறியே கூடாது.

வாரன்_வாசி

அக்கா, பழைய பெயின்டை எடுக்க சாண்ட் பிளாஸ்டிங் கொடுக்கலாமா? பக்கத்தில் ஒருவர் மொத்த வண்டியையும் ஒரே நாளில் செய்து தருவதாகச் சொல்கிறார்.

தீப்பொறி

ரயில், குறுக்குச் சட்டம், ஆக்சில் மாதிரி கனமான இரும்புக்குக் கொடுங்கள். ஹூட், கதவுத் தோல், கூரை, டிக்கி மூடி வேண்டவே வேண்டாம். மணல் வேகமாக அடிக்கும்போது தட்டையான தகரம் நீண்டு வளைந்துவிடும், அதைத் திரும்ப நேராக்க முடியாது. அவற்றுக்குப் பெயின்ட் ஸ்ட்ரிப்பர் அல்லது சாண்டிங் டிஸ்க், பொறுமையாக. சோடா பிளாஸ்டிங் வளைக்காது, ஆனால் தூளைச் சரியாகக் கழுவாவிட்டால் மேலே பெயின்ட் பிடிக்காமல் உரியும்.

வெறும் இரும்பு தெரிந்ததும் எபாக்ஸி பிரைமர், அதற்கு மேல்தான் பட்டியும் சீம் சீலரும்.

பழைய_இரும்பு

அக்கா சொன்ன வெல்டிங் வேலையோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். முன் குறுக்குச் சட்டத்தையும் பின் ரயிலையும் இணைக்கிற சப்ஃபிரேம் கனெக்டர். திறன் கூட்டினாலும் கூட்டாவிட்டாலும் இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய நல்ல மாற்றம் அது. ஒரு மூலையில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் கதவு இடைவெளி மாறுவது நிற்கும்.

அடுத்தது பிரேக். 68 என்பதால் மாஸ்டர் சிலிண்டர் ஏற்கெனவே இரட்டை, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி. அந்த அளவில் நல்லது. ஆனால் நாலு டிரம்மோடு இன்றைய நெடுஞ்சாலையில், முன்னால் போகும் கார் ஏபிஎஸ்ஸோடு நிற்கும்போது நீங்களும் நிற்க வேண்டும். முன்பக்கம் டிஸ்க் மாற்ற விலை உயர்ந்த கிட் தேவையில்லை. 1973 முதல் 76 வரை வந்த டாட்ஜ் டார்ட், பிளிமத் வேலியன்ட் கார்களின் டிஸ்க் ஸ்பிண்டில் இதில் அப்படியே போல்ட் ஆகும். 10.87 அங்குல டிஸ்க் வரும். 11.75க்குப் போனால் 15 அங்குல ரிம் வேண்டும். பழைய டிரம் ரிம் காலிப்பரில் இடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று. டிரம்முக்கான லைனில் சிறு அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கும் வால்வு இருக்கும். முன்பக்கம் டிஸ்க் ஆக்கிய பிறகும் அது அந்த லைனில் இருந்தால் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும், பிரேக் பிடித்துக்கொள்ளும். டிஸ்க்-டிரம் மாஸ்டர் சிலிண்டரும், பின்பக்கத்துக்கு புரப்போர்ஷனிங் வால்வும் போடுங்கள். அது இல்லாவிட்டால் அவசரத்தில் பின்சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுழலும்.

மின்கம்பி (சான் ஹோசே)

ஒயரிங் பற்றி யாரும் பேசவில்லையே! அந்தக் கால மோபார்களில், அதாவது கிரைஸ்லர் குடும்ப வண்டிகளில், பிரேக்குக்கு அடுத்து நான் பயப்படுவது ஆம்மீட்டருக்குத்தான்.

ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் மின்சாரம் ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகரச் சுவர்) இருக்கும் பெரிய இணைப்பு வழியாக உள்ளே வந்து, டேஷில் இருக்கும் ஆம்மீட்டரைக் கடந்து, மறுபடி அதே இணைப்பு வழியாக வெளியே போய் பேட்டரியைச் சேரும். சார்ஜ் ஆகும் மின்சாரம் மொத்தமும் இரண்டு சின்னத் தகர முனைகள் வழியே போய் வருகிறது. அரை நூற்றாண்டு ஈரத்தில் அந்த முனைகள் அரித்து, சூடாகி, பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். இணைப்பைக் கழற்றி, தடித்த கறுப்பு ஒயரும் சிவப்பு ஒயரும் நுழையும் துளைகளைப் பாருங்கள். பழுப்பேறி, உருகிய ஓரம் தெரிந்தால் அந்த வண்டியை அதற்கு மேல் ஒரு தெருகூட ஓட்டாதீர்கள்.

மாற்றுவது கடினமில்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் ரிலேவின் பேட்டரி முனைக்கு நேராக ஒரு தடித்த ஒயர், நடுவில் அதற்கேற்ற ஃப்யூசிபிள் லிங்க் (மின்சாரம் மீறினால் உருகி அறுபடும் ஒயர்). ஆம்மீட்டரின் இரண்டு ஒயரையும் ஒன்றாக முடுக்கி, நன்றாக இன்சுலேட் செய்து, ஆம்மீட்டரைச் சும்மா விட்டுவிடுங்கள். வோல்ட் மீட்டர் ஒன்று தனியாக வையுங்கள். டாக்ஸி, போலீஸ் வண்டிகளுக்குத் தொழிற்சாலையே இணைப்பைத் தவிர்த்து ஒயரை நேராக உள்ளே கொண்டுபோனது. எனவே இது வண்டியின் இயல்பைக் கெடுக்கும் மாற்றம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஹெட்லைட்டுக்கும் ரிலே போடுங்கள். விளக்கு மூடி மெதுவாகத் திறந்தால் அது மின்சாரக் கோளாறு இல்லை, 68ல் அது வாக்யூமில் வேலை செய்கிறது. ரப்பர் ஹோஸில் கசிவு தேடுங்கள்.

எட்டுசிலிண்டர்

இவ்வளவும் செய்துவிட்டு அந்த 318ஐயே வைத்திருப்பதா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

பழைய_இரும்பு

ஹெமியை நான் எதிர்க்கவில்லை. அதற்கு என்னென்ன வேண்டும் என்பதைக் கணக்கில் எடுங்கள். ஆயில் பேன் மாற்ற வேண்டும், மவுன்ட் வேண்டும், ஸ்டீயரிங் பெட்டியில் இடிக்காத எக்ஸாஸ்ட் ஹெட்டர் வேண்டும், கம்ப்யூட்டரும் ஒயரிங்கும் வேண்டும். 318இன் மெக்கானிக்கல் பம்ப் தருவது 5, 6 பிஎஸ்ஐ; ஹெமி கேட்பது 58. ஆகவே டேங்குக்குள் பம்ப், புது லைன், அந்த அழுத்தம் தாங்கும் ஹோஸ். டிரக் இன்டேக் உயரமானது, ஹூட் மூடுமா என்று முன்பே அளக்க வேண்டும். பழைய 5.7 என்றால் வால்வைத் திறக்கும் லிஃப்டரும் கேமும் தேய்ந்திருக்கிறதா என்று திறந்து பார்க்காமல் வாங்கக்கூடாது. என்ஜின் விலை அந்தச் செலவில் ஒரு பங்குதான்.

318க்கு நாலு பேரல் இன்டேக், 600 சிஎஃப்எம் கார்புரேட்டர், இரட்டை எக்ஸாஸ்ட், பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். இவ்வளவு செய்தாலே ஓட்டும்போது வேறு வண்டி. சிலிண்டர் ஹெட் மாற்றுவதென்றால் 360இன் ஹெட்டை வாங்கிவிடாதீர்கள், எரியறை பெரிது, கம்ப்ரஷன் இறங்கிவிடும். 1985க்குப் பின் வந்த 318 ஹெட், வார்ப்பு எண் 302ல் முடிவது, அதைத் தேடுங்கள். எரியறை சிறியது, வால்வு சீட்டும் கடினப்படுத்தியது, ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்றது.

எதைச் செய்தாலும் கழற்றிய 318ஐ விற்காதீர்கள். ஆயில் ஊற்றி, துளைகளை அடைத்து, மூலையில் வையுங்கள்.

நம்பர்_மேட்ச்

அதை நூறு முறை சொல்வேன். தகரத்தை வெட்டாமல் செய்யும் எந்த மாற்றத்துக்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஃபயர்வாலில் பெரிய துளை போடுவதும், டிரான்ஸ்மிஷனுக்காகத் தரையை வெட்டுவதும்தான் திரும்ப முடியாத வேலை.

மின்கம்பி

புது கேம் போட்டால் ஆயிலைக் கவனியுங்கள். இது ஃப்ளாட் டேப்பெட் கேம், லிஃப்டர் உரசிக்கொண்டே ஓடும். அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் வேண்டும். இன்றைய 5டபிள்யூ-30 ஆயில்களில் பாஸ்பரஸ் 800 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்று வரம்பு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்காக. புது கேமைப் பழக்குவதற்கான பிரேக்-இன் ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் 20 நிமிடம். ரேடியேட்டரில் தண்ணீர், டைமிங், கார்புரேட்டரில் பெட்ரோல் எல்லாம் முன்பே தயாராக இருக்க வேண்டும். ஸ்டார்ட்டரை வெறுமனே சுற்றிக்கொண்டே இருந்தால் புது கேம் அங்கேயே தேயும்.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது. எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

வாரன்_வாசி

முடிவு செய்துவிட்டேன். இந்தக் குளிர்காலம் தகரமும் பிரேக்கும் ஒயரிங்கும். 318 இருக்கும், நாலு பேரலோடு. பட்டை அடிப்பேன், ஆர்/டி எழுத்து வேண்டாம். அடுத்த ஆகஸ்டில் உட்வர்ட் ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்துக்கு ஓட்டிப்போக வேண்டும். பழைய வண்டிகளுக்கான ஹிஸ்டாரிக் பிளேட் எடுத்தால் இங்கே ஆகஸ்ட் மாதம் தாராளமாக ஓட்டலாம்.

ஒரு சின்னச் சந்தேகம். பிரேக் பார்க்கலாம் என்று சக்கரம் கழற்றப்போனேன். வலப்பக்கம் சுலபமாக வந்தது. டிரைவர் பக்கம் ஒரு நட்டுகூட அசையவில்லை. நீளக் குழாய் மாட்டி மிதித்தும் பார்த்தேன்.

ஸ்காபரோ_கராஜ்

நிப்பாட்டுங்கோ தம்பி, போல்ட் முறிஞ்சுபோகும்! அந்தக் காலத்துக் கிரைஸ்லர் வண்டிகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு எதிர்மரை. கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழரும். போல்ட்டின் முனையைத் துடைத்துப் பாருங்கோ, எல் என்ற எழுத்து குத்தியிருக்கும்.

பழைய_இரும்பு

சக்கரம் வந்த பிறகு பின் டிரம் வராமல் அடம்பிடித்தால் சுத்தியலால் விளிம்பில் அடிக்காதீர்கள். பின்தட்டின் கீழே ரப்பர் அடைப்பு ஒன்று இருக்கும், அதை எடுத்துவிட்டு அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள், டிரம் கையோடு வரும். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை ஏர் கம்ப்ரஸர் வைத்து ஊதக்கூடாது, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். பிரேக் கிளீனரால் நனைத்து, கீழே தட்டு வைத்து வழித்தெடுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கி ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள். பெடல் அவ்வளவு இறங்குகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான்.